கைராசியும் கடவுச்சொல்லும்

நான் ஓய்வு பெற்றபோது கம்பனி என்னிடம் ஒரு வீடியோ கேட்டது. இத்தனை வருடப் பயிற்சி அனுபவத்தை மூன்று நிமிடத்தில் சொல்ல வேண்டும், பின்னால் ஒரு செடி இருந்தால் நல்லது என்றார்கள். செடி இருந்தது. "புது மென்பொருளைக் கண்டு பயப்பட வேண்டாம்" என்று கமெராவைப் பார்த்துச் சொன்னேன். போட்டுப் பார்த்தபோது நான்தான் பயந்துபோய் இருந்தேன். அதை இதுவரை வேறு யாரும் பார்த்ததாகத் தகவல் இல்லை.

என் வேலையை விளக்குவது சுலபம். ஒரு கம்பனி தன் சரக்கு, ஓடர், கணக்கு, சம்பளம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் நடத்துவதற்கு ஒரு மென்பொருளை வாங்கும். வாங்கியவர் அதைத் தொடமாட்டார். தொட வேண்டியவர்களை வாங்கும்போது யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இந்த இரண்டு தரப்புக்கும் நடுவில் ஒரு கதிரையைப் போட்டு என்னை உட்கார வைப்பார்கள்.

இப்போது அந்தக் கதிரை இல்லை. திரையின் மூலையில் ஒரு நீல வட்டம் துடித்துக்கொண்டிருக்கிறது. அதைக் கேட்டால் அது சொல்லித் தரும், சலிக்காது, மதியச் சாப்பாடும் கேட்காது. அந்த வட்டத்தால் சமாளிக்க முடியாத இடங்களுக்கு மட்டும் நிவேதாவை அனுப்புகிறார்கள். என் இடத்துக்கு வந்த சென்னைப் பெண் அவள். சென்ற மாதம் என்னை அழைத்தாள்.

"மேடம், ஒரு டவுட்டு. ஒரு வேர்ஹவுஸ்ல எல்லா என்ட்ரியும் ஒரே ஆள் பேர்ல இருக்கு. மத்தவங்க யாரும் லாகின் பண்றதே இல்ல. ட்ரெய்னிங் ஃபெயில்னு ரிப்போர்ட் எழுதிடவா?"

"எந்த வேர்ஹவுஸ் பிள்ளை?"

"அது சொல்லக் கூடாது மேடம். நீங்க இப்ப வெளியாள்."

சரிதான். வாடிக்கையாளரின் பெயரை வெளியாளுக்குச் சொல்லக் கூடாது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். ஆகவே பெயர் கேட்காமல், எனக்குத் தெரிந்த ஒரு சங்கதியை அவளுக்குச் சொன்னேன். போனில் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஆற அமர எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் வங்கியில் வேலை செய்துவிட்டு மெல்பேர்ன் வந்தவள் நான். இங்கே என் வங்கி அனுபவத்தைப் பார்த்து வியந்து, ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி மடிக்கும் வேலை தந்தார்கள். அங்கே சரக்குக் கணக்குக்குக் கணினி வந்தது. பெட்டி மடித்தவர்களில் அதற்குப் பயப்படாதவள் நான் ஒருத்திதான். பயம் இல்லாததற்குக் காரணம் அறிவு அல்ல, பெட்டி மடித்து அலுத்துப்போயிருந்தேன். கணினியை நிறுவ வந்த கம்பனி போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போனது.

அங்கே எனக்கு மேலதிகாரி ஹெலன். உயரமான மனுஷி, குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. பயிற்சிக்குப் போகும் இடத்தில் முதலில் குசினியைத் தேடிப் போவாள். ஒரு பெரிய கோப்பையில் தேநீர் போட்டு, அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்து பழகுபவரின் பின்னால் நிற்பாள். பயிற்சி முடியும் வரை கோப்பை கீழே இறங்காது. ஆனால் அவள் குடிப்பதில்லை. தேநீர் அவளுக்குப் பிடிக்காது என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

காரணம் கேட்டேன். "பழகுபவர் தடுமாறும்போது நம் கை தானாக மௌசுக்குப் போகும். ஒரு தடவை நீ தொட்டால், பிறகு ஒவ்வொரு தடவையும் அவர் உன் முகத்தைத்தான் பார்ப்பார், திரையைப் பார்க்கமாட்டார். அதனால் கைக்கு வேறு வேலை கொடு" என்றாள். பிழை விடப் போகிறார் என்று தெரிந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். "கோப்பையை இன்னும் இறுக்கிப் பிடி" என்றாள். அன்றிலிருந்து ஓய்வு பெறும் வரை நான் போன இடமெல்லாம் கோப்பையோடுதான் நின்றேன். சுகந்திக்கு எப்பவும் தேத்தண்ணிப் பஞ்சம் என்று என்னைப் பற்றி நம்முடைய ஆட்கள் பேசிக்கொண்டார்கள்.

ஹெலன் சொல்லித்தராத ஒன்றை நான் சிட்னியில் கற்றேன். அங்கே கிரவீன் என்ற பகுதியில் கலியாணங்களுக்குச் சாப்பாடு செய்து கொடுக்கும் நம்மவர்களின் கம்பனி ஒன்று. காலை முழுக்கப் பயிற்சி நடந்தது. விளங்குதா என்று கேட்டபோதெல்லாம் எல்லோரும் ஒன்றாக "ஓம் ஓம்" என்றார்கள். ஒரு கேள்விகூட வரவில்லை. நான் எவ்வளவு கெட்டிக்காரி என்று நினைத்தபடி கார் அருகே போனேன். அங்கே ஒருவர் நின்றார். "அக்கா, அந்த முதல் பக்கத்துக்கு எப்பிடிப் போறது?" அவர் போனதும் மரத்துக்குப் பின்னாலிருந்து இன்னொருவர் வந்தார். கடைசியாக வந்தவர் கம்பனியின் சொந்தக்காரர். நம்முடைய ஆட்கள் நாலு பேர் முன்னால் கேள்வி கேட்கமாட்டார்கள், தனியே காரடியில் கேட்பார்கள். அதன் பிறகு என் பயிற்சி அட்டவணையில் முடிவில் அரை மணித்தியாலத்தை வெறுமையாக விடுவேன். மேலிடத்தில் அது என்ன என்று கேட்டால், மீள்பார்வை என்று எழுதிக் கொடுப்பேன்.

இனி மெல்பேர்னின் புறநகரான டண்டினொங்கில் நடந்த கதை. மிளகாய்த்தூள், பருப்பு, அரிசிமா, குளிரூட்டிய பரோட்டா எல்லாம் இறக்கி, மெல்பேர்ன் முழுக்க இருக்கும் நம்மவர் கடைகளுக்கு அனுப்பும் ஒரு பண்டகசாலை. முதலாளி பரமேஸ்வரன். அவர் மருமகள் ஷாலினி இங்கேயே பிறந்து வளர்ந்த கணக்காளர், நிர்வாகம் அவள் கையில். மென்பொருளை வாங்கியது அவள். வியாழக்கிழமைகளில் மட்டும் அங்கே வருவாள், மற்ற நாள் வீட்டிலிருந்தே எல்லாவற்றையும் திரையில் பார்ப்பாள்.

அங்கே ஓடர் மேசையில் இருந்தவர் தவராசா, எல்லோருக்கும் தவம் அண்ணை. முன்பு பெட்டி தூக்கியவர், முழங்கால் போனபிறகு முதலாளி அவரை மேசைக்கு மாற்றியிருந்தார். கடைக்காரர்கள் போனில் சொல்லும் ஓடர்களைப் பதிவதுதான் அவர் வேலை. அந்த வயதில், அந்த முழங்காலோடு, டண்டினொங்கில் வேறு யாரும் அவரை வேலைக்கு எடுக்கப்போவதில்லை. அது அவருக்கும் தெரியும்.

பயிற்சி ஒழுங்காகவே முடிந்தது. ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர், தனிக் கடவுச்சொல். ஒருவர் பெயரில் இன்னொருவர் பதிந்தால் வேலை போகும் என்று ஷாலினி ஒரு விதி எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கியிருந்தாள். புதிய முறை தொடங்கும் நாளை ஷாலினி குறித்தாள், நேரத்தை முதலாளி குறித்தார். ராகுகாலம் கழியட்டும் என்று எல்லோரும் கணினியைப் பார்த்தபடி நின்றோம். கோடைக்காக இங்கே ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளிய கடிகாரத்தில் ராகுகாலம் எப்படி மாறும் என்று அங்கே ஒரு சர்ச்சை நடந்தது. என் மென்பொருளில் அதற்கு வசதி இல்லை.

முதல் ஓடருக்குப் பவானிதான் பொத்தானை அமத்த வேண்டும் என்றார் முதலாளி. பவானி பொதி கட்டும் பகுதியில் வேலை செய்தவர், கைராசிக்காரி என்று பெயர். கொண்டெய்னர் வந்தால் முதல் பெட்டி அவர் கையால்தான் இறங்கும். அவர் திரைக்கு ஒரு சந்தனப் பொட்டு வைத்து, தன் பெயரில் நுழைந்து, சேவ் என்பதை அமத்தினார். லேபிள் அழகாக வந்தது. கைதட்டினார்கள்.

அடுத்தது தவம் அண்ணை. தன் பெயரில் நுழைந்து, பத்துப் பெட்டி மிளகாய்த்தூள் என்று பதிந்து, அமத்தினார். பிரிண்டர் லேபிள் அடிக்கத் தொடங்கியது. பத்து வந்தது. நிற்கவில்லை. சுருள் முடியும் வரை மிளகாய்த்தூள் லேபிள் தரையெல்லாம் ஓடியது. பிரிண்டரில் ஒரு அமைப்பு தவறாக இருந்தது, ஐந்து நிமிடத்தில் திருத்தினேன். இது தவம் அண்ணையின் பிழையல்ல என்று விளக்கினேன். எல்லோரும் "ஓம் ஓம்" என்றார்கள். அந்த ஓமுக்கு அர்த்தம் எனக்குத் தெரிந்திருந்தது, ஆனால் அன்று காரடிக்கு ஒருவரும் வரவில்லை.

மூன்று மாதம் கழித்து ஷாலினி என்னை அழைத்தாள்.

"அன்ரி, வாடகை கூடிட்டுது. ஒரு ஆளைக் குறைக்கோணும். ரிப்போர்ட் பார்த்தன். தவம் அங்கிள் மூண்டு மாசத்தில ஒரே ஒரு ஓடர்தான் போட்டிருக்கிறார். அந்த மிளகாய்த்தூள். எல்லாம் பவானி அன்ரிதான் செய்யிறா. ஆனா ஃபெயாரா இருக்கோணும். நீங்கள் ஒருக்கா ரீட்ரெயின் பண்ணுங்கோ. வியாழக்கிழமை என்ர முன்னால அவர் தனியச் செய்து காட்டட்டும். ஏலாதெண்டா சொறி, நிப்பாட்டத்தான் வேணும்."

அவளைக் குறை சொல்லமாட்டேன். திரையில் தெரிந்ததைத்தான் அவள் பார்த்தாள். அப்படிப் பார்க்கச் சொல்லித்தான் நாங்கள் விற்றோம்.

நான் போனபோது தவம் அண்ணை மேசையில் இருந்தார். காதில் போன், விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன. நான் பயிற்றுவித்தவர்களில் அவ்வளவு வேகமாகவும் சுத்தமாகவும் பதிந்தவர்கள் குறைவு. திரையின் மேல் மூலையைப் பார்த்தேன். பவானி என்று இருந்தது.

"பவானி எங்க அண்ணை?"

"யாழ்ப்பாணம். மகளின்ர கலியாணம். போய் ரெண்டு கிழமை."

"லீவு சிஸ்டத்தில இல்லையே."

"முதலாளி 'போயிட்டு வா பிள்ளை' எண்டவர். அதுக்கு மேல என்ன லீவு?"

விஷயம் விளங்கியது. முதல் நாளிலிருந்தே எல்லா ஓடரும் பவானியின் பெயரில்தான் போயிருக்கின்றன. பவானியே தன் கடவுச்சொல்லை எழுதி மேசையில் ஒட்டிவிட்டிருந்தார், பக்கத்தில் ஒரு பிள்ளையார் ஸ்டிக்கர். கைராசியை இரவல் கொடுப்பதில் அவருக்கு ஒரு மனக்குறையும் இருக்கவில்லை. இதை நான் ஷாலினியிடம் சொன்னால் அவள் எழுதிய விதிப்படி தவம் அண்ணைக்கும் வேலை போகும், பவானிக்கும் போகும். சொல்லாவிட்டால் தவம் அண்ணைக்கு மட்டும் போகும். ஒரே வழி, வியாழக்கிழமை அவர் தன் பெயரில் ஒரு ஓடர் போட்டுக் காட்டுவது. அவருக்கு அது அரை நிமிட வேலை.

"நான் மாட்டன் தங்கச்சி" என்றார்.

ஏன் என்பதை அங்கே சொல்லவில்லை. மாலையில் காரடிக்கு வந்தார்.

"என்ர கை சரியில்லை. நான் ஸ்பிரிங்வேலில வீடியோ கசட் கடை திறந்தனான், தெரியுமோ? திறந்த கையோட டிவிடி வந்திட்டுது. கடன்பட்டு எல்லாத்தையும் டிவிடிக்கு மாத்தினன். ஆக்கள் இன்டர்நெட்டில படம் பாக்கத் தொடங்கிட்டினம். சரியெண்டு ஊருக்குக் கதைக்கிற போன்காட் வித்தன். ஆறு மாசத்தில எல்லாரும் ஓசியில கதைக்கிற மாதிரி வந்திட்டுது. நான் தொட்டா அந்தச் சாமான் உலகத்திலயே இல்லாமல் போகுது."

சிரிக்க வேண்டும் போல இருந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை.

"இந்த சிஸ்டத்தில ஏழு பேரின்ர சாப்பாடு கிடக்கு. நான் செய்து காட்டாட்டில் எனக்கு மட்டும்தான் வேலை போகும். என்ர பேரில அமத்தி ஏதும் பிழைச்சா எல்லாருக்கும் போகும். கணக்கைப் பாருங்கோ தங்கச்சி."

அழுகை வந்தது, காரைத் திறந்து எதையோ தேடுவதுபோல் பாவனை செய்தேன். வியாழக்கிழமை கதிரையில் வந்து இருக்க மட்டுமாவது செய்யுங்கள் என்று கேட்டேன். "அதுக்கென்ன, இருக்கிறன்" என்றார்.

வியாழக்கிழமை வந்தது. நான் குசினிக்குப் போய்த் தேநீர் போட்டேன். ஷாலினி நின்றாள், முதலாளி நின்றார், பொதி கட்டுபவர்கள் கட்டுவதை விட்டுவிட்டு நின்றார்கள். தவம் அண்ணை கடவுச்சொல்லைப் புதுப்பித்துத் தன் பெயரில் நுழைந்தார். ஷாலினி ஒரு ஓடரை வாசித்தாள். கடை, பொருள், அளவு, விநியோக நாள், எல்லாம் ஒரு பிழை இல்லாமல் பதிந்தார். சேவ் என்பதற்கு மேல் அம்புக்குறி வந்து நின்றது. அவர் விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அமத்துங்கோ அங்கிள்" என்றாள் ஷாலினி.

அவர் அமத்தவில்லை. பிரிண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு விரல் அழுத்தினால் போதும், ஒரு மனிதனின் வேலை மிஞ்சும். வாழ்நாளில் முதல் தடவையாக என் ஒரு கை கோப்பையை விட்டு மௌசுக்குப் போனது.

"அன்ரி, உங்கட ரீ" என்றாள் ஷாலினி. என் பயிற்சியில் அவளும் இருந்தவள், கோப்பை எதற்கென்று கவனித்திருந்தாள். நான் கையை எடுத்துக்கொண்டேன்.

"ஓகே. பவானி அன்ரியைக் கூப்பிடுங்கோ. அவ ஒருக்காக் காட்டட்டும், பாத்துச் செய்யட்டும்."

ஒருவர் குளிர் அறைக்குள் போய்விட்டார்.

"அவ எங்க?"

முதலாளி தொண்டையைச் செருமினார். "அவ யாழ்ப்பாணத்தில, பிள்ளை. ரெண்டு கிழமையா."

ஷாலினி தன் போனை எடுத்துப் பார்த்தாள். "அவ இண்டைக்குக் காலமை நிறைய ஓடர் போட்டிருக்கிறா."

"அது நான்தான் பிள்ளை" என்றார் தவம் அண்ணை. "முதல் நாளில இருந்து நான்தான். அவவில ஒரு பிழையும் இல்லை."

ஷாலினி விதியை நினைவுபடுத்தினாள். ஒருவர் பெயரில் இன்னொருவர் பதிந்தால் வேலை நீக்கம், எல்லோரும் கையெழுத்து வைத்திருக்கிறார்கள். வேறு யாராவது பவானியின் பெயரில் நுழைந்தீர்களா என்று கேட்டாள். முதலாளி மெல்லக் கையை உயர்த்தினார்.

"மாமா?"

"விலை பாக்கிறதுக்கு மட்டும். அதுவும் வெள்ளிக்கிழமைகளில."

விதிப்படி முதலில் போக வேண்டியவர் கம்பனியின் சொந்தக்காரர். ஷாலினி மாமனாரைப் பார்த்தாள், தவம் அண்ணையைப் பார்த்தாள், பிறகு ஒரு கதிரையை இழுத்து அவர் பக்கத்தில் இருந்தாள். ஏன் சொந்தப் பெயரில் போடவில்லை என்று கேட்டாள். அவர் சொல்லவில்லை. முதலாளிதான் கைராசி என்றால் என்ன என்று விளக்கினார். அவள் முழுவதையும் கேட்டாள். கணக்காளர் கணக்குப் பார்ப்பதுபோலவே கேட்டாள்.

"வெயிட். மூண்டு மாசமா ஒரு ரிட்டேர்னும் இல்லை. ஒரு கடையும் கொம்ப்ளெயின்ட் பண்ணேல்லை. லோகின் பவானி அன்ரியின்ரதான். ஆனா அமத்தினது ஆரின்ர கை?"

எல்லோரும் தவம் அண்ணையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அங்கிள், கைராசி கையிலதானே? பேரில இல்லையே?"

இத்தனை வருடத்தில் இப்படி ஒரு கேள்வியை நான் ஒரு பயிற்சியிலும் கேட்டதில்லை. தவம் அண்ணை தன் வலக்கையைத் திருப்பிப் பார்த்தார். யாரோ மறந்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு அதை மௌசில் வைத்து அமத்தினார்.

பிரிண்டர் முனகியது. ஒரு லேபிள் வந்தது. எல்லோரும் அடுத்ததற்காகக் காத்திருந்தோம். வரவில்லை. அவர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு அப்படியே இருந்தார். நான் அந்தத் தேநீர் முழுவதையும் ஒரே மூச்சில் குடித்தேன்.

ஷாலினி அங்கே நின்ற எல்லோருக்கும் ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தாள், மாமனாருக்கும் சேர்த்து. கூடிய வாடகைக்காக, முதலாளியின் காருக்குக் கம்பனி கட்டிய காசை நிறுத்தினாள், ஆளை நிறுத்தவில்லை. கலியாணம் முடிந்து பலகாரத்தோடு வந்த பவானிக்கு நடந்தது ஒன்றும் தெரியாது. தன் பெயரில் வந்த ஓடர்கள் குறைந்துபோனதைக் கேட்டு, கண்ணூறு பட்டுவிட்டது என்று கொஞ்சம் கவலைப்பட்டார்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு நிவேதா குரலைத் தாழ்த்தினாள்.

"மேடம், இப்ப ஒரு ரூலை மீறப் போறேன். நான் சொன்ன வேர்ஹவுஸ் டண்டினொங்லதான். அந்த ஒரே பேர் தவராசா. ஆனா அவர் போன வருஷமே ரிட்டயர் ஆயிட்டாராம். லாகினை எடுக்கச் சொன்னா, ஓனர் முடியவே முடியாதுங்கறார். அந்த மேனேஜர் அம்மாகிட்ட கேட்டா அவங்களும் சிரிக்கிறாங்க. நான் என்னன்னு எழுதறது?"

ஒரு நாள் பொறு என்று அவளிடம் சொல்லிவிட்டு, தவம் அண்ணைக்குப் போன் எடுத்தேன். ஸ்பிரிங்வேல் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நின்றார். பின்னால் விலை கூவும் சத்தம். சங்கதியைச் சொன்னேன்.

"என்ர பேரிலயோ?"

"உங்கட பேரிலதான். எல்லாரும்."

மீன்காரரிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்வது கேட்டது.

"பிழை ஒண்டும் வரேல்லையோ தங்கச்சி?"

"ஒண்டும் வரேல்லையாம் அண்ணை."

"அப்ப மாத்த வேண்டாம் எண்டு அந்தப் பிள்ளையிட்டச் சொல்லுங்கோ" என்றார்.